சைலன்சருக்கு செராமிக் பூச்சு: பெயர் ஒன்று, பொருள் இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தூத்துக்குடியில் ஒரு பைக் சைலன்சர் எத்தனை வருஷம் தாங்கும் என்று இங்குள்ள எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "வண்டி எங்கே நிக்கும் அண்ணாச்சி?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார். டவுனுக்குள், வீட்டுக்குள் ஏற்றி நிறுத்தும் வண்டி என்றால் ஒரு கணக்கு. முத்தையாபுரம், முள்ளக்காடு, தருவைகுளம் என்று உப்பளத்துப் பக்கம் போய் வரும் வண்டி என்றால் வேறு கணக்கு. நான் முப்பது வருஷத்துக்கும் மேலாக உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவன். 1994இல் வாங்கிய புல்லட்டில்தான் இன்றுவரை வேலைக்குப் போகிறேன். அந்த வண்டிக்கு இதுவரை ஐந்து சைலன்சரும், இன்ஜினிலிருந்து அதற்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாயான பெண்ட் பைப் ஏழும் மாற்றியிருக்கிறேன். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். எந்த வண்டியை அளத்து வரப்பில் நிறுத்தினாலும் இதே கதைதான்.

அளத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் உப்புத்தூள் பறந்து வந்து எல்லாவற்றிலும் படியும். சட்டைக் காலரில் வெள்ளைக் கோடு விழும். கணக்கு நோட்டின் தாள் நமநமவென்று இருக்கும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். கடற்கரை ஊரில் ராத்திரி அந்த அளவைத் தாண்டாத நாள் குறைவு. ஆக, பகலில் படிந்த உப்பு ராத்திரியில் நீராகிறது, காலையில் இன்ஜின் சூட்டில் காய்ந்து மறுபடியும் உப்பாகிறது. இப்படித் தினமும் நனைந்து காய்கிற இரும்பு சைலன்சர்தான். அதனால் வண்டியில் முதலில் போவதும் அதுதான்.

நான் இதை எழுதக் காரணம், ஒன்றிரண்டு வருஷமாக எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு 'செராமிக் கோட்டிங்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. அது தெரியாமல் நான் பணம் கொடுத்து ஏமாந்தேன். அப்புறம் தெரிந்து கொடுத்து நல்ல வேலையும் வாங்கினேன். இரண்டையும் சொல்கிறேன், உங்கள் வாசகர்களில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

2023 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் பகுதியில் தெருத் தண்ணீரும் அளத்துத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டது. என் புல்லட் மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. இன்ஜினை இறக்கி, கழுவி, ஆயில் மாற்றி, எப்படியோ மீட்டுவிட்டோம். சைலன்சரை மீட்க முடியவில்லை. ஜனவரியில் மெக்கானிக் அதைக் கையில் எடுத்து அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. கருவாட்டுச் செதில் மாதிரி அடுக்கடுக்காகத் துரு உதிர்ந்தது.

புது பெண்ட் பைப்பும் சைலன்சரும் குரோம் பளபளப்போடு வாங்கினேன். இந்தத் தடவையாவது காப்பாற்றவேண்டும் என்று, கார்களுக்கு பாலிஷ் போட்டுக் கொடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். "செராமிக் போட்டுடலாம் சார், துருவே பிடிக்காது, சூடும் குறையும்" என்றார்கள். 2,800 ரூபாய். சைலன்சரைக் கழற்றவில்லை. வண்டியைக் கழுவித் துடைத்து, ஒரு சின்ன பாட்டிலில் இருந்து பஞ்சுக் கட்டையில் திரவத்தை ஊற்றித் தேய்த்துவிட்டு, சாயங்காலம் வாருங்கள் என்றார்கள். சாயங்காலம் அது கண்ணாடி மாதிரி மின்னியது என்பது உண்மைதான்.

நாற்பது நாள். பெண்ட் பைப் இன்ஜினை விட்டு வளைகிற இடத்தில் நீலம் பாய்ந்து, அதைச் சுற்றித் தீய்ந்த பால் மாதிரி ஒரு மஞ்சள் படலம் நின்றது. சைலன்சரின் அடியில் பற்றவைத்த மூட்டு நெடுகக் கடுகு கடுகாகத் துரு. கடையில் போய்க் கேட்டால், உப்புக் காற்றுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தூத்துக்குடியில் கடை வைத்துக்கொண்டு உப்புக் காற்றுக்கு வாரண்டி இல்லை என்றால் வேறு எதற்கு வாரண்டி?

என்ன நடந்தது என்பதை எங்கள் தெருவில் இருக்கும் வேதியியல் ஆசிரியர் எனக்கு விளக்கினார். காரின் பெயின்ட் மேல் போடுகிற செராமிக் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட ஒரு மெல்லிய திரவப் படலம். பெயின்டில் கீறல் விழாமல், தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓட அது உதவும். காரின் கதவுக்கும் பானட்டுக்கும் அது நல்ல பொருள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெயிலைத் தாங்க வந்த பொருள் அது, நெருப்பைத் தாங்க வந்தது இல்லை. பெண்ட் பைப் இன்ஜினை ஒட்டிய இடத்தில் 300 டிகிரிக்கு மேல் ஏறும். குரோமில் நீலம் பாய்வதே அந்தச் சூட்டின் அடையாளம்.

சைலன்சருக்கான செராமிக் வேறு. வெப்பம் தாங்கும் பிசினில் செராமிக் துகள் கலந்து, துப்பாக்கியால் பீய்ச்சி, அடுப்பில் வைத்துச் சுடுகிற பூச்சு அது. அதற்கும் மேலே ஒரு வகை இருக்கிறது. ஜெட் விமான இன்ஜினின் டர்பைன் பிளேடுகளுக்கு ஜிர்கோனியா தூளை பிளாஸ்மா சுடரில் உருக்கி அடிக்கிறார்கள். பந்தய வண்டிகளின் எக்ஸாஸ்ட்டுக்கும் அதைப் போடுகிறார்கள். அது நம் கைக்கும் பைக்கும் எட்டாது. நான் சொல்ல வருவது நடுவில் உள்ள வகையை. கேட், ஜன்னல் கம்பிகளுக்கு பவுடர் கோட்டிங் போடுகிறார்களே, அதைக்கூட பெண்ட் பைப்பில் போடக்கூடாது. சுமார் 200 டிகிரியில் உருகிப் பிடிக்கிற பொருள் அது. 300 டிகிரியில் கருகி உதிர்ந்துவிடும்.

சரி, நல்ல வேலைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரிலேயே ஒரு சின்னப் பட்டறை. வீட்டு கேட், ஜன்னல் கிரில், மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் சாமான்கள் என்று பிளாஸ்டிங்கும் (காற்றழுத்தத்தில் துகளை அடித்துத் துருவை எடுப்பது) பூச்சும் செய்கிறார்கள். நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். படகு இன்ஜினின் புகைக்குழாய்க்குப் பூச ஆரம்பித்து, அப்புறம் பைக் சைலன்சருக்கு வந்தவர். 2024 ஆகஸ்டில் என் சைலன்சரோடு போனேன்.

பார்த்தவுடன் விலை சொல்லவில்லை. பெண்ட் பைப்பைக் கையில் வாங்கி, நகத்தால் சுண்டினார். ஒரு சின்ன பல்பை வயரில் கட்டிக் குழாய்க்குள் விட்டு, கடைக்குள் லைட்டை அணைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சைலன்சரின் மூட்டில் சுத்தியின் காம்பால் தட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கே சத்தம் மாறுது, கேக்குதா?" என்றார். கேட்டது. மற்ற இடத்தில் கணீரென்று இருந்தது அங்கே சொத்தென்று இருந்தது. உள்ளிருந்து தகடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். வாங்கி ஏழு மாதம் ஆகாத சைலன்சர்.

"குரோமை எடுக்கணும் அண்ணாச்சி. பளபளப்பு மேல அடிச்சா ஒரு மாசத்துல தோலு மாதிரி உரிஞ்சு வந்துடும்" என்றார். மனம் வரவில்லை. குரோம் பளபளக்கிற புல்லட் ஓட்டியே பழகிவிட்டது. ஒரு ராத்திரி யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தேன். பெண்ட் பைப் இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய் என்பதால், அதை பிளேட்டிங் பட்டறையில் கொடுத்து குரோமை இறக்கிவரச் சொன்னார். சைலன்சரை ஆசிட்டில் முக்க விடவில்லை. உள்ளே தடுப்புத் தகடுகளுக்கு நடுவே ஆசிட் தேங்கிக்கொண்டால் உள்ளிருந்தே தின்றுவிடும் என்றார். அதை மட்டும் பிளாஸ்டிங்கிலேயே மங்கடித்து, உரிகிற குரோமையெல்லாம் உரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு.

அடுத்து அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பிளாஸ்டிங்குக்கு முன்னால் பெண்ட் பைப்பையும் சைலன்சரையும் கழுவினார். பட்டறையில் போர் போட்டிருக்கிறார்கள், மோட்டார் இருக்கிறது, தண்ணீர் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரை அவர் தொடவில்லை. மூலையில் டிரம்மில் பிடித்து மூடி வைத்திருந்த வல்லநாட்டுக் குழாய்த் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிப் பிரஷால் தேய்த்தார். போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் அழுக்கு போகும், உப்பு தங்கும். தகட்டின் நுண்ணிய குழிகளில் உப்பு தங்கிவிட்டால், மேலே எவ்வளவு விலையுள்ள பூச்சு போட்டாலும் அடியில் கொப்புளம் கிளம்பும். குடிக்கிற தண்ணீருக்கு நாள் பார்த்துக் காத்திருக்கிற ஊரில், ஒரு சைலன்சருக்கு இரண்டு குடம் தாமிரவருணித் தண்ணீர் செலவழிக்கிறார். கேட்டதற்கு, "வேலையே இதுதான் அண்ணாச்சி, மத்ததெல்லாம் துப்பாக்கிதான் செய்யுது" என்றார்.

கழுவிக் காயவைத்து, அடுப்பில் வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எரித்து, தின்னரால் துடைத்து, அப்புறம் பிளாஸ்டிங். கண்ணாடி போட்ட ஒரு இரும்புப் பெட்டி, அதில் இரண்டு ஓட்டை, ஓட்டையில் நீளமான ரப்பர் கையுறை. கையை உள்ளே விட்டு, குழாயைத் திருப்பித் திருப்பி அடிக்கிறார். பழுப்பு நிற அலுமினியம் ஆக்சைடு துகள். பத்து நிமிஷத்தில் துருவும் கறையும் போய், இரும்பு சாம்பல் பூசின பாத்திரம் மாதிரி வெளுப்பாக வந்தது. சத்தம் மாறின இடத்தில் இரண்டு ஊசித் துளை தெரிந்தது. அதை வெல்டிங் வைத்து, தேய்த்து, மறுபடியும் பிளாஸ்டிங்.

வெளியே எடுத்ததும் நான் ஆவலில் கையை நீட்டிவிட்டேன். "தொடாதீய அண்ணாச்சி!" என்று கத்தினார். கை வியர்வையில் இருக்கும் எண்ணெயும் உப்பும் போதும், ஐந்து விரல் தடமும் பின்னால் துருவாக எழுந்து நிற்கும் என்று ஒரு பழைய படகுச் சாமானைக் காட்டினார். அதில் கட்டைவிரல் ரேகை அச்சாகத் துருவில் தெரிந்தது. தொட்டது யார் என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம் போல அவ்வளவு தெளிவு.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பை நம் ஊர்க் காற்றில் வைத்திருக்க முடியாது. மழை மூட்டமான நாளில் ஒரு மணி நேரத்திலேயே மேலே செம்மை படர ஆரம்பித்துவிடும். அதனால் துப்பாக்கியை முன்பே கழுவித் தயாராக வைத்துக்கொண்டு, கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுத்தான் பிளாஸ்டிங்குக்கே போகிறார். மெல்லியதாக ஒரு கோட், கொஞ்சம் விட்டு இன்னொரு கோட். மொத்தம் தலைமுடி கனம்கூட இருக்காது. இன்னும் கொஞ்சம் கெட்டியாக அடியுங்கள் தம்பி, உப்பளத்து வண்டி என்று நான் சொன்னேன். கெட்டியாக அடித்தால் சூட்டில் இரும்பு விரியும்போது பூச்சு கூடவே விரிய முடியாமல் வெடித்துவிடும் என்று மறுத்துவிட்டார். அப்புறம் அடுப்பில் மெதுவாகச் சூடேற்றி, 250 டிகிரியில் ஒரு மணி நேரம். அன்று அந்த அடுப்பில் வேறு சாமான் எதையும் அவர் ஏற்றவில்லை.

பூச்சுக்கு 4,200 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 756 ரூபாய், ஆக 4,956 ரூபாய். பிளேட்டிங் பட்டறைக்கும் வெல்டிங்குக்கும் தனி. பில்லில் என்ன பூச்சு, எத்தனை கோட், எவ்வளவு டிகிரி தாங்கும், வெளிப்பக்கம் மட்டுமா உள்பக்கமுமா என்று எழுதிக் கொடுத்தார். முதல் கடையில் கொடுத்த சீட்டில் 'செராமிக்' என்ற ஒரே வார்த்தைதான் இருந்தது.

மாட்டும்போது புது காஸ்கெட், ஸ்டட்டுக்குச் செம்பு கிரீஸ். முதல் தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுபடியும் ஓடவிடச் சொன்னார். லேசாகப் புகையும் வாடையும் வந்தது, பயப்படவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

சூடு குறையுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இதில் நான் நேரில் கண்டதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஏமாற்று அதிகம். துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது, தூரத்திலிருந்தே காட்டினால் டிகிரி சொல்லும். முதல் கடையில் அதைச் சூடான குரோம் மேல் காட்டி, "பாருங்க சார், 85தான்" என்றார்கள். நானும் நம்பினேன். அதே கருவி இந்தத் தம்பியிடமும் இருக்கிறது. பட்டறையில் நின்ற ஒரு குரோம் பைப் வண்டியை ஓடவிட்டு, சூடேறியதும் அதில் காட்டினார். 90க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு எண். அதே இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுரீரென்று துள்ளி ஆவியாகிவிட்டது. 90 டிகிரியில் தண்ணீர் அப்படித் துள்ளாது. பளபளக்கிற பரப்பு தன் சூட்டை அந்தக் கருவிக்குச் சரியாகக் காட்டாது, மங்கலான கருப்புப் பரப்பு காட்டும். அந்தக் குரோமிலேயே ஒரு ரூபாய் அகலத்துக்கு ஹீட் பெயின்ட் கருப்பைத் தடவி, காய்ந்தபின் மறுபடி சூடேற்றிக் காட்டினார். 200க்கு மேல் போயிற்று. கடைக்காரர் யாராவது குரோம் மேல் தெர்மாமீட்டர் காட்டினால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

மெல்லிய பூச்சு சூட்டைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். ஓட்டும்போது கெண்டைக்காலில் அடிக்கிற அனல் எனக்குக் குறைந்திருக்கிறது, அது என் காலுக்குத் தெரிகிறது. தொட்டால் சுடாது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக்கூடாது. என் பேத்திக்கு நான்கு வயதில் வண்டியிலிருந்து இறங்கும்போது சைலன்சர் பட்டு, கணுக்காலுக்கு மேல் புளியங்கொட்டை அளவில் தழும்பு இன்றும் இருக்கிறது. பூச்சு போட்ட பிறகும் அந்தப் பக்கம் பிள்ளையை இறங்கவிடுவதில்லை. சைலன்சர் கார்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூச்சை நம்புகிற பையன்களைப் பார்க்கிறேன், வயிறு பதறுகிறது.

இன்னொன்றும் உண்டு. வெளியே பூசினால் வெளித்துருதான் நிற்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று ஐந்து நிமிஷ ஓட்டம் ஓடுகிற வண்டியில் சைலன்சர் முழுச்சூடு ஏறாது. அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகி அடியில் தேங்கும், உள்ளிருந்து தின்னும். என் சைலன்சரில் சத்தம் மாறிய இடம் அப்படி வந்ததுதான். பெண்ட் பைப்பின் உள்ளேயும் பூசலாம், சைலன்சரின் உள்ளே துப்பாக்கி போகாது. வாரத்துக்கு ஒருநாளாவது திருச்செந்தூர் ரோட்டில் அரைமணி நேரம் ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுங்கள் என்று தம்பி சொன்னதை நான் விடாமல் செய்கிறேன். முருகனைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

சூட்டைத் தடுக்க பெண்ட் பைப்பில் வெப்பம் தாங்கும் துணிப் பட்டை சுற்றுகிற பழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. நம் கடற்கரையில் அது கூடவே கூடாது. உப்புத் தண்ணீரை அந்தத் துணி உறிஞ்சி இரும்போடு சேர்த்துக் கட்டி வைக்கும். என் அண்ணன் மகன் ஒரு மழைக்காலம் சுற்றி வைத்திருந்து அவிழ்த்தபோது, துணியோடு குழாயும் துண்டு துண்டாக வந்தது.

புது வண்டிக்காரர்கள் கவனிக்கவேண்டியது: 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சைலன்சருக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சாரும் இருக்கும். சென்சாரைக் கழற்றாமல், அதன் மரையை மூடாமல் பிளாஸ்டிங் செய்தாலோ, சைலன்சரை ஆசிட்டில் போட்டாலோ ஒரு புதுச் சைலன்சரின் விலை போய்விடும். அதெல்லாம் தெரியும் என்று சொல்கிற கடையில் மட்டும் கொடுங்கள்.

பூச்சு போட்டு இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. வண்டி தினமும் அளத்துக்குப் போகிறது. பெண்ட் பைப்பில் துரு இல்லை. சைலன்சரின் பின்முனையில், ஸ்டாண்ட் போடும்போது கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த ஒரு இடத்தில் மட்டும் செம்பொட்டு இருக்கிறது. எனக்கு இதுவே பெரிது. இதற்கு முன் இந்த வண்டியில் எந்த பெண்ட் பைப்பும் இரண்டாவது மழைக்காலத்தைத் துரு இல்லாமல் தாண்டியதில்லை.

இனி என் கோரிக்கை.

பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது. அதை உப்புக் காற்றின் அரிப்பிலிருந்து காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை காலம் பாடுபட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். இந்தக் கடற்கரையில் இரும்பைக் காப்பது அவ்வளவு பெரிய காரியம். அதையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிலையம், 1953 முதல் நடக்கிறது. தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் அதற்குப் பிரிவுகள் உண்டு. உப்புக் காற்றில் எந்தப் பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்பது அங்கே உள்ளவர்களுக்கு அத்துபடி. அந்த அறிவு நான் சொன்ன தம்பியைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு வந்து சேரவேண்டும். நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்பதை அவர் இரண்டு படகுக்காரர்களின் சாமானைக் கெடுத்து, கைக்காசில் திருப்பிச் செய்து கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்தவரும் அப்படித்தான் கற்கவேண்டுமா? ஆராய்ச்சி நிலையமும் நம் ஐ.டி.ஐ.யும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு நாள், தமிழில், கடற்கரை மாவட்டப் பூச்சுப் பட்டறைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தினால் போதும். மழைக்காலத்தில் வைத்தால் பட்டறைக்காரர்களுக்கு வேலை குறைவு, எல்லாரும் வருவார்கள்.

அந்த வகுப்பில் முதல் பாடமாகத் தூசியைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். எல்லாப் பட்டறையிலும் கண்ணாடிப் பெட்டி இல்லை. பல இடங்களில் ஆற்று மணலைத் திறந்த வெளியில் அடிக்கிறார்கள். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மணலில் உள்ள சிலிக்கா பொடியாகி நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ். அதற்குத் தீர்க்கும் மருந்து இல்லை. பிரிட்டனில் 1949இலேயே மணல் கொண்டு பிளாஸ்டிங் செய்வதைத் தடுத்து விதி போட்டார்கள். நாம் ஒரு சைலன்சர் பளிச்சென்று வரவேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையின் மூச்சு போகக்கூடாது. பூச்சுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், என்ன துகள் வைத்து அடிக்கிறீர்கள், எங்கே வைத்து அடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மணல் என்றால் வேறு கடை பாருங்கள்.

பில்லில் பூச்சின் வகையும் தாங்கும் வெப்பமும் கட்டாயம் எழுதவேண்டும் என்று நுகர்வோர் துறை ஒரு உத்தரவு போட்டால், பாலிஷ் பாட்டிலையும் அடுப்பில் சுடுகிற பூச்சையும் ஒரே பெயரில் விற்க முடியாது. உங்கள் நாளிதழ் இதை எடுத்து எழுதினால் பலருடைய பணம் மிச்சமாகும்.

எங்கள் அளத்தில் லோடு கணக்குப் பார்க்கிற பெண் ஒருத்தி, தன் ஸ்பிளெண்டர் சைலன்சரில் ஓட்டை விழுந்து புது விலைக்கு விசாரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கழற்றி வெள்ளிக்கிழமை பட்டறைக்குக் கொண்டுபோகிறோம். இந்த வாரம் அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் வரவில்லையாம். எங்கள் வீட்டில் பிடித்து வைத்ததில் இரண்டு கேன் வண்டியில் கட்டி எடுத்து வருகிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உப்பளக் கணக்கர்,
முத்தையாபுரம், தூத்துக்குடி.